தேய்த்து அழித்த இலக்கம்

அந்தத் துவக்கின் பக்கத் தகட்டில் விரலை வைத்தால் வழுக்கும், அவ்வளவு மினுக்கம். அந்த மினுக்கத்தால்தான் சாச்சி துவக்கையே இழக்கப் பார்த்தார்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. வத்தேகமவுக்கு மேலே அவருக்கு இரண்டு ஏக்கர் மிளகும் மரவள்ளியும் உண்டு. அவருடைய கணவர், என் சாச்சா, மௌத்தானதும், காட்டுப் பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க அவர் வைத்திருந்த இரட்டைக் குழல் துவக்கின் அனுமதிப்பத்திரத்தைச் சாச்சி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "பொம்பளைக்கு என்னத்துக்குத் துவக்கு? காணியக் குத்தகைக்குக் குடுங்கோ" என்றார் சாச்சாவின் தம்பி. "பண்டி, ஆம்பளட காணியா பொம்பளட காணியா எண்டு பாத்தா வருது?" என்று கேட்டார் சாச்சி. அதன்பிறகு அவர் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பின்னால் எடுத்தார்கள், அது வேறு.

துவக்கின் மரப்பிடி வெடித்திருந்தது. வெளிநாட்டுப் பிடிக்குக் கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். சாச்சி ஒரு மஹோகனித் துண்டையும் இரண்டு உளிகளையும் வாங்கிக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்துவிட்டார். முதல் பிடி, மரத்தின் ரேகை குறுக்கே ஓடியதால் கழுத்தில் பிளந்தது. அடுப்பில் வைத்தார். இரண்டாவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. துவக்கின் திருகாணிக்குச் சாதாரணத் திருப்புளி நுழையாது. நுனியை மெல்லிதாக அரைத்து எடுக்கப் பிலிமத்தலாவை வரை பஸ்ஸில் போய்வந்தார். அந்த வருட மிளகுக் காசில் பாதி இப்படியே போனது. பிடித்துப்போய்ச் செய்த வேலை, அவ்வளவுதான். எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஆர்வம் கண்ணை மறைக்கும். துருவைத் தேய்க்கிறேன் என்று, தகட்டில் வெட்டியிருந்த பதிவு இலக்கத்தையும் சேர்த்தே சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டார். வருடாந்தப் புதுப்பித்தலுக்குத் துவக்கைப் பழைய போர்வையில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டுபோன அன்றுதான் அது தெரிந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன்.

"என்னங்கம்மா, நம்பரையே காணோமே?" என்றார் எழுதுவினைஞர். ஹந்தானைப் பக்கத்து மனிதர், குரலில் இரக்கம் இருந்தது. உள்ளேயிருந்து வந்த அதிகாரிக்கு அது இல்லை. இலக்கம் இல்லாத துவக்கைத் திருப்பித் தர முடியாது, பொலிஸுக்கு அனுப்ப வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். துவக்குப் போனால் மரவள்ளி போகும். மரவள்ளி போனால் காணி குத்தகைக்குப் போகும். "துரு தின்டுட்டு எண்டு சொல்லுங்கோ சாச்சி" என்று காதில் சொன்னேன்.

"துரு இல்ல. நான்தான் தேச்ச" என்றார், அறை முழுவதற்கும் கேட்கும்படி.

பிறகு, கோப்புகளை ஓரமாக வைக்கச் சொன்னார். எழுதுவினைஞர் வைத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, தலைகீழாகப் போர்வைமேல் கிடத்தினார். வரிசையில் நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் அதே இலக்கம் இன்னொரு முறை வெட்டப்பட்டிருந்தது. எழுதுவினைஞர் ஒவ்வொன்றாக வாசித்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிசகவில்லை.

அதிகாரி முகத்தை மாற்றிக்கொள்ளாமல், பிடி மாற்றியதையும் பதிய வேண்டும் என்றார். பிடியைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார். நல்ல வேலை, செய்த தச்சு பாஸ் யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டார். எழுதுவினைஞர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

சாச்சி குழல்களை மாட்டி முடித்து, துவக்கைப் போர்வைமேல் வைத்தார்.

"என்ட பேர எழுதுங்கோ" என்றார்.