எட்டுப் பத்து பஸ்ஸுக்கு முன்னால் ஓடியவள்

எனக்குப் பொறுமை கிடையாது. பன்விலயிலிருந்து கண்டிக்கு பிரைவட் பஸ் ஓட்டுகிறவனிடம் அதைத் தேடினால், அது தேடுகிறவர் பிழை. எட்டுப் பத்து என்றால் எட்டுப் பத்துக்கு என் பஸ் நகர வேண்டும். எட்டுப் பதினொன்றுக்கு ஓடி வருகிறவர் பின்கண்ணாடியில் எழுதியிருக்கிற சாமி பெயரைப் படித்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

அந்தச் சாமி பெயரை அதிக தடவை படித்தவள் என் மனைவி கிருஷாந்தி. வத்தேகமவில் ஒரு பார்மசியில் அவளுக்கு வேலை. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு எழுபது படி. ஒரு கையில் குடை, மறு கையில் சோற்றுப் பார்சல், "ஏங்க! நில்லுங்க!" என்று அவள் பாதிப் படியில் வரும்போதே நான் இரண்டாவது கியருக்கு மாற்றியிருப்பேன். கொண்டக்டர் நஸீப் மட்டும் இல்லாவிட்டால் என் குடும்பம் என்றைக்கோ இரண்டாகியிருக்கும். கட்டுகஸ்தோட்டைக்காரன், நாற்பது வயது, என்னைவிட இரக்கம் உள்ளவன். மணியை இழுத்து பஸ்ஸை நிறுத்தி அவளை ஏற்றிவிடுவான். "பஸ்காரனைக் கட்டினதுக்கு பஸ்ஸுக்குப் பின்னால ஓடுறதே பொழப்பாப் போச்சு," என்று மூச்சிரைக்க ஏறுவாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்கு நேரம் முக்கியம்.

அவள் ஓடி நான் பார்த்ததெல்லாம் அவ்வளவுதான், அதுவும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி வழியாக. ஆகவே, நாற்பத்து மூன்று வயதில் "கண்டி வாவியைச் சுத்தி மக்கள் ஓட்டமாம், போயிட்டு வர்றேன்" என்று அவள் சொன்னபோது குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் எனக்கு மூக்கில் ஏறியது. இலவசமாகக் கொடுக்கிற டீ சேர்ட்டுக்காகத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போனாள். ஓடினாள். வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்து, "முந்நூறு பேர்ல நான் முந்நூறாவது ஆளுங்க. எனக்குப் பின்னால வாவி மட்டுந்தான் இருந்திச்சு," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பிடித்தது ஓட்டப் பைத்தியம்.

ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே போனால் வெட்கம் அவளைத் தின்றுவிடும். யாராவது தன்னைத் தாண்டிப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே குனிந்து சப்பாத்து லேஸ் கட்டுவாள். அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டுவாள். வாவிக்கரையில் ஆட்கள் கூட்டமாக முந்தினால் கட்டுச் சுவரில் சாய்ந்து மீன் பார்ப்பாள். எங்கள் ரோட்டில் விடியற்காலையில் ஓடிப் பழகும்போது சல்வாரோடு, கையில் வெறும் மார்க்கெட் பை ஒன்று எடுத்துக்கொண்டு போவாள். ஏன் என்று கேட்டேன். "பார்க்கிறவங்க, சந்தைக்கு அவசரமாப் போறான்னு நெனைச்சுக்குவாங்க. இவ்வளவு மெதுவா ஓடுறாளேன்னு நெனைக்க மாட்டாங்க," என்றாள். விடிய ஐந்தரைக்கு எந்தச் சந்தை திறந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஓடுவதையே விட்டுவிடுவாள்.

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் விளையாட்டு விழா வைப்பார்கள். கயிறிழுத்தல், வழுக்கு மரம், தலையணைச் சண்டை எல்லாம் வத்தேகம மைதானத்தில். அதற்கு முன்னால் காலையில் மரதன் ஓட்டம். தேயிலைத் தொழிற்சாலைச் சந்தியில் தொடங்கி மைதான வாசல் வரை ஆறு கிலோமீட்டர். எங்கள் ரோடோ, ஒரு பஸ் வந்தால் எதிரே வருகிற ஆடு பள்ளத்தில் ஒதுங்க வேண்டிய ரோடு. ஆகவே பொலிஸ் அன்றைக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறது: கடைசியாக ஓடுகிற ஆளை எந்த வாகனமும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் அந்த ஆளோடு உருட்டிக்கொண்டே வருவார். அவருக்குப் பின்னால் ஊரே வரும்.

போன வருஷம் அப்படி வந்த முதல் வாகனம் என் எட்டுப் பத்து பஸ். முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். கறுப்புக் காற்சட்டை, தொப்பி, முதுகில் ஒரு இலக்கம். பஸ் முதல் கியரில் முனகுகிறது. எனக்குத் தலை கொதித்தது. என் பஸ்ஸின் ஹோன் சும்மா ஹோன் இல்லை, ஐந்து சுரத்தில் பாடும். அதை அமுக்கிப் பிடித்தேன். போதாததற்கு, பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்து, "இந்தம்மா ஓடுறாங்களா, இல்ல ரோட்டை அளக்குறாங்களா?" என்று ஒரு பகிடியும் விட்டேன். பஸ்ஸே சிரித்தது. கண்ணாடிகள் எல்லாம் திறந்து கிடந்தன.

அந்தப் பெண் நின்றாள். திரும்பினாள். கிருஷாந்தி.

வேலைக்கு வெள்ளெனப் போகிறேன் என்று விடியவே கிளம்பியவள். சேலையிலும் சல்வாரிலும் மட்டுமே பார்த்த மனைவியைக் காற்சட்டையில் பின்னாலிருந்து பார்த்தால் எவனுக்கு அடையாளம் தெரியும்? கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினாள். ஏறினாள். கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "என்னம்மா, முடியலியா? நடந்தே போயிருக்கலாமே," என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு. நஸீப் என் முகத்தைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கியர் மாற்றினேன்.

அன்றைக்கும் மறுநாளும் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஹோன் அடிச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. பஸ்ஸுன்னா அடிக்கத்தான் செய்யும். ஆனா அத்தனை பேரும் சிரிக்கையில, இவ என் சம்சாரம்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரலியே."

அவள் சொன்னது உண்மை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரிலேயே மெதுவாக ஓடுகிற ஆள் என் வீட்டு ஆள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதை நினைத்துப் பிறகு பட்ட வெட்கம் அதைவிடப் பெரிது.

இந்த வருஷம் மாசி மாதமே மார்க்கெட் பை மறுபடி வெளியே வந்தது. "பேர் கொடுத்திருக்கேன்," என்றாள். "இந்தத் தடவையும் பாதியில ஏறினேன்னா, இனி இந்த ஓட்டமே வேணாம். சப்பாத்தை யாருக்காவது கொடுத்துருவேன்."

எனக்குப் பயம் பிடித்தது. "அன்னைக்கு நான் லீவு போட்டுர்றேன் புள்ள."

"ஒண்ணும் வேணாம். எவனோ ஒருத்தன் பின்னால நின்னு ஹோன் அடிக்கிறதுக்கு, நீங்களே அடிச்சிட்டுப் போங்க."

இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு இவளுக்கு வெட்கம் எங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை. எட்டுப் பத்துக்குப் புறப்பட்டேன். முன்சீட்டில் ஹாஷிம் நானா. கட்டுகஸ்தோட்டையில் சாமான் கடை வைத்திருக்கிறவர், மிளகு வாங்க வந்துவிட்டுத் திரும்புகிறார். அவருக்குப் பக்கத்துச் சீட்டில் றம்லத் என்ற அம்மா, கல்யாண வீட்டுக்கு, குலுங்கினால் உடைந்துபோகிற வட்டிலப்பம் கொண்டு போகிறார், மடியில் பெரிய சட்டி. தொழிற்சாலைச் சந்தியைத் தாண்டி இரண்டாவது வளைவில் சிவப்புக் கொடி தெரிந்தது. அதற்கு முன்னால் அதே கறுப்புக் காற்சட்டை, அதே தொப்பி, முதுகில் எண்பத்தேழு.

"அண்ணே... அக்கா," என்றான் நஸீப்.

"எனக்குக் கண்ணு தெரியுதுடா."

கண் தெரிந்து என்ன? கை ஏற்கெனவே ஹோனில் இருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அது என்னைக் கேட்டுக்கொண்டா போகிறது? கையை இழுத்துக்கொண்டேன். "நஸீப், ஹோன் வயரைப் பிடுங்கு."

"என்னது?"

"பிடுங்குறியா இல்லியா!"

குனிந்து பிடுங்கினான். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதல் கியர், பாதி கிளச். எனக்குப் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் வேன், அரசாங்க பஸ், இன்னும் என்னென்னவோ. அவர்களுடைய ஹோனை யார் பிடுங்குவது? ஒவ்வொரு தடவை அவர்கள் அடிக்கும்போதும் அவள் தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கியது. தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள். "ஹெமின், நங்கி, ஹெமின்," என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் ஆறுதல் சொன்னார், மெதுவாகவே போகட்டுமாம். அதைவிட மெதுவாக எப்படிப் போவது? அவள் கை சப்பாத்தின் பக்கம் போவதைப் பார்த்தேன். எனக்குத் தெரியும், லேஸ் கட்ட ஒரு தடவை குனிந்தால் அவ்வளவுதான், அடுத்தது பஸ்ஸுக்குத்தான் கை காட்டுவாள்.

அந்த நேரம் பார்த்து ஹாஷிம் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, ஒரு ஹோன் அடிங்களே! ஒம்பது மணிக்கு நான் கட தொறக்கணும். இந்த மனிசிக்கு ஊட்டுல வேல இல்லயா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். போன வருஷத்துச் சிரிப்பு, அச்சு அசல் அதே சிரிப்பு. பிரேக்கை மிதித்தேன். எழுந்து நின்று திரும்பினேன்.

"அது என் சம்சாரம்!"

தேவைக்கு மேலே கத்திவிட்டேன் போல. லொறிக்காரன் கூட ஹோனை நிறுத்தினான்.

"பேரு கிருஷாந்தி. வத்தேகம பார்மசியில இருக்கிறவ. மெதுவாத்தான் ஓடுவா, அவளுக்கு அவ்வளவுதான் வரும். இன்னைக்கு அவ ஓடி முடிச்ச பொறகுதான் இந்த பஸ் போகும். அவசரம்னா இறங்கி ஓடுங்க, முடிஞ்சா அவளை முந்துங்க பார்ப்போம்!"

முதலில் வாய் திறந்தது றம்லத் அம்மா. "எனக்கு ஒரு அவசரமும் இல்ல மகன். இப்பிடிப் போனாத்தான் எண்ட வட்டிலப்பம் ஆடாம வருது. நேத்து வந்த பஸ்ஸுல எண்ட கொடலே ஆடிப்போச்சு." நேற்று வந்ததும் என் பஸ்தான்.

ஹாஷிம் நானா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "அட, பார்மசிப் பிள்ளயா! மிளகு வாங்க வாற நேரமெல்லாம் எனக்கு பிரெஷர் மாத்திர எடுத்துத் தாறதே அந்தப் பிள்ளதானே? மொதல்லயே செல்லியிருக்கலாமே தம்பி!" அடுத்த நிமிஷம் பாதி உடம்பு வெளியே. "மகள்! மூச்ச மூக்கால எடுங்கோ! கைய வீசுங்கோ!" பஸ் படி ஏறவே இரண்டு தடவை மூச்சு வாங்குகிற மனுசன், பயிற்சி கொடுக்கிறார். மற்றக் கண்ணாடிகளிலும் தலைகள் முளைத்தன. "விடாதீங்க அக்கா!" "இன்னும் கொஞ்சந்தான் அம்மா!"

நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். கிருஷாந்தியின் கை சப்பாத்தின் பக்கம் இல்லை. தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது. பஸ்ஸை எடுத்தேன்.

மைதானத்துக்கு முன்னால் கடைசி ஏற்றம். என் பஸ்ஸே அதில் முக்கும். பாதி ஏற்றத்தில் அவள் நின்றாள். இடுப்பில் கை வைத்துக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து கையைக் காட்டினாள், போன வருஷம் காட்டின அதே மாதிரி.

பஸ்ஸுக்குள் "ஐயோ, ஏறாதீங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். அவள் கதவுக்குப் போகவில்லை. என் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தாள். முகமெல்லாம் சிவந்து, வியர்வை சொட்டியது.

"என்ன புள்ள, முடியலியா? தண்ணி வேணுமா?"

"உங்க ஹோனுக்கு என்ன வந்திச்சு?"

"அது... வயரைப் புடுங்கிட்டோம்."

"திரும்பப் பூட்டுங்க."

"ஆ?"

"பூட்டி நல்லா அடிங்க. நான் வர்றேன்னு ஊருக்குத் தெரியட்டும்!"

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்க, ஹாஷிம் நானா என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். நஸீப் என் காலடியில் விழுந்து வயரைத் தேடினான். முதலில் வைப்பர் ஓடியது. "அது இல்லடா!" அடுத்து பஸ்ஸுக்குள் லைட் எல்லாம் எரிந்தது. பொறுக்க முடியாமல் ஆட்கள் பஸ்ஸின் தகரத்தைக் கையால் அடிக்கத் தொடங்கினார்கள். றம்லத் அம்மா கூட சட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் அடித்தார். கடைசியில் நஸீப் எதையோ எதிலோ செருக, ஹோன் பாட ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. ஏதோ மாறிப் பூட்டிவிட்டான். கையை எடுத்தாலும் பாடுகிறது!

பின்னால் லொறியும் வேனும் அரசாங்க பஸ்ஸும் சேர்ந்துகொண்டன. மைதானத்தில் வழுக்கு மரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கல்யாண ஊர்வலம் ஏதோ வருகிறது என்று ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஆறு கிலோமீட்டரை ஒரு மணித்தியாலம் பதினொரு நிமிஷத்தில் ஓடி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு என் மனைவி வாசலுக்குள் போனாள். ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. என் ஹோன் விடவில்லை.

வத்தேகம பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் மணிக்கூட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். "லெட்சுமணன், நாப்பத்தெட்டு நிமிஷம் லேட்! என்ன நடந்திச்சு?"

"முன்னால என் சம்சாரம் ஓடினா," என்றேன். ஹோன் சத்தத்தில் அவருக்கு விளங்கவில்லை. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவையும் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் படிக்கட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்தினேன். ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போனது. நஸீப் என் நெற்றியைத் தொட்டு, காய்ச்சலா என்று பார்த்தான். மேலே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஒரு கையில் குடை, மறு கையில் சோற்றுப் பார்சல், கிருஷாந்தி எழுபது படியையும் ஒவ்வொன்றாக, ஆற அமர இறங்கி வந்தாள்.

"ஏன், இன்னைக்கு ஓடி வரலியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு ஓடணும்? நீங்க நிப்பீங்கன்னு தெரியும்," என்று சொல்லிவிட்டு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நஸீப் மணியை இழுத்தான்.