பாட்டோடு படித்த பத்திரம்

நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியில், மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய் நேற்றுக் கைநாட்டு வைத்தார். குமாஸ்தா மை டப்பாவைத் திறந்ததுமே எனக்கு எரிச்சல் மூண்டுவிட்டது. பாவம், அந்தத் தாய்மேல் தப்பில்லை. அந்த மை வாசனைக்கும் எனக்கும் பழைய பகை.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. கோயமுத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். நாலு மைல் நடந்து, செம்மண் அப்பிய காலோடு வகுப்பில் உட்கார்ந்து ஆங்கிலம் படித்தேன். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. யார் வந்தாலும், மோர் கொடுத்த கையோடு, "அந்த இங்கிலீசுப் பாட்டச் சொல்லு கண்ணு" என்பார். எனக்குத் தெரிந்ததே ஒரு பாட்டுதான். அதிலும் பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்துச் சொல்வேன்.

ஊரைச் சுற்றி மில்கள் முளைத்த காலம். எங்கள் மேற்குக் காட்டு நிலத்தை விலைக்குக் கேட்டு ஒரு மில் ஏஜெண்டு வந்தார். நிலம் மில்லுக்கு, அதிலிருக்கும் கிணறு எங்களுக்கு என்று வாய்ப்பேச்சு. மிச்சத் தோட்டம் முழுவதற்கும் அந்த ஒரு கிணற்றுத் தண்ணீர்தான். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது.

"ஏனுங்கப்பா, ஒருக்காப் படிச்சுப் பாக்கட்டுங்களா?"

"சும்மா இரு அம்மணி. ஊட்டுக்கு வந்தவிங்க வாயால சொல்லிப்போட்டாங்க. அதுக்குமேல காயிதத்தப் படிச்சா அவிங்க என்ன நெனப்பாங்க?"

ஏஜெண்டு சிரித்தார். "அம்மணி இங்கிலீசுல பாடுமாமுல்லங்க. அதக் கேக்கலாமுங்க."

பாடினேன். பத்திரம் கட்டிலில் விரிந்து கிடந்தது. இரண்டாம் அடி முடிந்ததும் அதே ராகத்தில் பத்திரத்தைப் படிக்கத் தொடங்கினேன். அப்பா வழக்கம்போலத் தலையாட்டி ரசித்தார். ஏஜெண்டின் சிரிப்பு மட்டும் நின்றுபோனது. கிணறு வந்த வரியில் ராகத்தை விட்டுத் தமிழுக்கு வந்தேன்.

"கெணறும் அவிங்களுக்குன்னு எழுதியிருக்குதுங்கப்பா."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஏஜெண்டைப் பார்த்துக் கைகூப்பினார். "சின்னப்புள்ள, தப்பாப் படிச்சுப்போட்டா. மனசுல வெச்சுக்காதீங்க."

பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்.

அர்த்தம் தெரியாமல் ஒப்பித்த வரை நான் படித்த பெண். அர்த்தம் தெரிந்து ஒரு வரி சொன்னதும் சின்னப்பிள்ளை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிணற்றைச் சேர்த்து மில் மதில் எழுந்தது. மறு கோடையில் எங்கள் வாழை நின்றபடியே கருகியது. இப்போது கிணற்றையும் மூடி, மேலே பஞ்சு கோடவுன் கட்டிவிட்டார்கள். விருந்தாளி வந்தால் அப்பா மோர் மட்டும் கொண்டுவரச் சொல்கிறார். கேட்டாலும் பாட என்னால் ஆகாது. அந்தப் பாட்டு எனக்கு அடியோடு மறந்துவிட்டது. பத்திரத்தின் அந்த ஒரு வரி மட்டும் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.