பினியன் சாய்வுக்குப் பாரமாக உட்கார்ந்தோம்

ஹட் பே நண்பர்களே, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கக் கற்றபின் நானே எழுதும் முதல் சேதி இது.

இன்று ஹேடோ துறைமுகத்தருகே ஒரு பட்டறையில் என் மருமகன் அந்தோணியின் லாரிக்கு வேறொரு லாரியின் பின் அச்சைப் பொருத்தினார்கள். நாளை கப்பல் வருகிறது. வண்டி ஓடாவிட்டால் சிமெண்ட் ஏற்றும் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

பின் அச்சில் தண்டு வந்து சேரும் முனையான பினியன் மூக்கும் முன்னாலுள்ள கியர்பாக்ஸும் ஒரே சாய்வில் நிற்க வேண்டுமாம். தவறினால் வண்டி உதறும், இடையில் சுழலும் தண்டு உடையும்.

மெக்கானிக் பிசு ரசமட்டத்தைக் கையில் எடுத்தார். "காலி வண்டியில பார்த்தா கலத், தப்பு. வஜன் சாஹியே, பாரம் வேணும், அப்பத்தான் ஸ்பிரிங் அமுங்கும்" என்றார்.

பாரத்துக்கு எங்கே போவது? சரக்கே நாளைதானே வருகிறது!

"டீ குடிக்கிறவங்க எல்லாரும் ஏறுங்க!" என்று அந்தோணி பக்கத்து டீக்கடையைப் பார்த்துக் கத்தினான்.

ஏறினோம். கடைக்கார அப்பாராவ் ஏறியதும் ஸ்பிரிங் முனகியது. "அப்பாராவ் காரு, நீங்க ஒருத்தரே போதும், மத்தவங்க இறங்கட்டுமா?" என்றான் அந்தோணி.

பிசு அச்சைத் திருப்பினார். கியர்பாக்ஸின் சாய்வுக்கு ஏற்ப வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. அச்சை அதே சாய்வில் நிறுத்த வெல்டிங்கைத் தொடங்கப் போனார்.

அந்தக் குமிழியைப் பார்க்க ஆசைப்பட்டு நான் குதித்தேன். என் பின்னாலேயே பாதிப்பேர் குதித்தார்கள். குமிழி ஓடிவிட்டது.

"அரே பாபா, ஊப்பர் பைட்டோ, மேல உட்காருங்க!" என்றார் பிசு.

"மாமா, ஏறுங்க! என் பிழைப்பு போயிடும்!"

மறுபடி ஏறி, வெல்டிங் முடியும்வரை மூச்சுக்கூட மெதுவாக விட்டோம்.

மாலையில் எங்களை ஏற்றியே அந்தோணி குட்வில் எஸ்டேட் வரை ஓட்டினான். ஓர் உதறல் இல்லை.

நாளை சிமெண்டோடு லாரி உதறினால், பிசுவைக் குறை சொல்லாதீர்கள். சிமெண்டுக்கு அப்பாராவின் கனம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் ஊரில் இதற்கு யாரை ஏற்றுவீர்கள்?