பம்ப்காரருக்கு வந்த நாற்பத்தெட்டு

பதினெட்டு வருடம் முதுகில் பம்ப் கட்டி, ஊரார் தோட்டங்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர் அவர். அதை விட்டு ஒன்றரை வருடமாகிறது. இப்போது சொந்தக் காய்கறித் தோட்டத்தில் இலைதழையை மட்க வைத்து உரமாக்குகிறார். புழுவைக் கையால் பொறுக்குகிறார். ஆனாலும் ஊருக்கு அவர் பம்ப்காரர்தான்.

மருந்தடிப்பவர்களின் நரம்பு நோயை ஆராயும் குழு ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ரத்தத்தைச் சோதிக்கும். நரம்பு ஒழுங்காக வேலை செய்ய ஒரு நொதி வேண்டும்; பூச்சிமருந்து அதைக் குறைத்துவிடும். முதல் சோதனையில் அவருக்கு அதன் அளவு நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. மருந்தை விட்டபின் எழுபது, தொண்ணூற்றொன்று என்று ஏறியது. கை நடுக்கமும் நின்றது.

இந்த முறை நாற்பத்தெட்டு.

சுகாதார நிலையத்தின் பின்னறையில் அந்த எண்ணைக் கேட்டதும் அவர் மனைவியின் முகம் சுண்டிப்போனது.

“யார் தோட்டத்துக்குத் திருட்டுத்தனமா அடிக்கப் போனீங்க?”

“சத்தியமா யாருக்கும் இல்லம்மா.”

“அப்ப ரத்தம் பொய் சொல்லுதா?”

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து அடிக்காமலே குறைகிறதென்றால், உடம்பு உள்ளுக்குள்ளே கெட்டுவிட்டதா?

குழுவின் ஆய்வாளரான இளம்பெண் பேனாவைக் கீழே வைத்தாள். “அண்ணே, காலையிலேருந்து என்னென்ன தொட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“பல்லு வெளக்கினேன்...”

“நல்லது. அப்புறம்?”

“அவரைக்கொடில அசுவினிப் பூச்சி ஏறிடுச்சு. சோப்புத் தண்ணி தெளிக்கலாம்னு பரண்லேருந்து பம்பை இறக்கினேன். முனைல அடைப்பு. விரலால நோண்டி எடுத்தேன்.”

“பழைய மருந்து பம்பா?”

“ஆமா. ஆனா காலியாத்தான் இருந்துச்சு.”

“காலியாம்!” மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “கையாவது கழுவினீங்களா?”

“தண்ணில அலசினேன். இங்க வர நேரமாச்சே...”

ஆய்வாளர் அவர் நகக்கண்ணைப் பார்த்தாள். “இந்த விரல்லதான் ரத்தம் எடுக்கக் குத்தினேன். பஞ்சால துடைச்சா இதெல்லாம் போகாது. ஒட்டியிருந்த மருந்து ரத்தச் சொட்டுல கலந்து அளவைக் குறைச்சிருக்கலாம். கலக்காமலும் இருக்கலாம். இன்னொரு தடவை பாத்துடுவோம்.”

மனைவியே சோப்பும் பிரஷுமாக அவர் கையைத் தோல் சிவக்கத் தேய்த்தாள். இந்த முறை முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். கருவி பத்து நிமிடம் ஓடியது. இருவரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“தொண்ணூற்று நாலு,” என்றாள் ஆய்வாளர். அவளே பெருமூச்சு விட்டாள்.

மனைவி கண்ணைத் துடைத்துவிட்டு உடனே சண்டைக்கு வந்தாள். “பதினெட்டு வருஷம் சுமந்தது போதாதா? அதைப் போய் எதுக்குத் தூக்குனீங்க?”

ஆய்வாளர் படிவத்தின் கடைசியில் புதிய கேள்வி ஒன்றை எழுதினாள்: ‘கடந்த இரண்டு நாட்களில் பழைய மருந்துக் கருவி எதையாவது தொட்டீர்களா?’ பிறகு தடித்த பை ஒன்றையும் கையுறையையும் நீட்டினாள். “பம்பை இதுல போட்டு கட்டிக் குடுங்க. பத்திரமா அழிக்கிற இடத்துக்கு அனுப்பிடறோம்.”

அவர் கை நீட்டினார். மனைவி முந்திக்கொண்டாள்.

“நான் போட்டுக்கறேன். வீட்டுக்குப் போனதும் நீங்க தெருவுலயே நில்லுங்க.”

“சரிம்மா,” என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.