பின் சீட்டுக்கு அடியில் ஒரு சாட்சி

பெனவிடெஸ் என்ற எங்கள் சின்ன ஊரில் எலிசேயோ வில்லாரியலைத் தெரியாதவர்கள் இல்லை. கவுண்டி நிர்வாகத்தின் மண் சாலைகளை முப்பது வருடம் சுரண்டிச் சமன்படுத்திய மனுஷன். ஆனால் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நடனங்களில் பாஸ் கிட்டார் வாசித்தவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வாத்தியத்தின் தலையெழுத்து அது. அக்கார்டியன்காரனை ஊரே வாய் பிளந்து பார்க்கும். பாடுகிறவனுக்கு மேஜைகளிலிருந்து பீர் வரும். பாஸ்காரன் பின்னால் நிற்பான். அவனால்தான் கால் தானாக ஆடுகிறது என்பது அந்தக் காலுக்கே தெரியாது.

வீட்டில் மட்டும் அவர் வாசித்ததை யாரும் மறக்கவில்லை. மறக்கமுடியாத காரணம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாத ஞாயிறு, மாலை ஏழு மணிக்கு, அவர் மனைவி ஒராலியா, ஆலிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் தனியாகப் பெண்ணைப் பெற்றாள். புருஷன் ஃபால்ஃபூரியஸ் ஊர் நடன ஹாலில் கச்சேரியில் இருந்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் புறப்பட்டார் என்பது குடும்பக் கதை.

கதையைச் சொன்னவர் ஒராலியாவின் அண்ணன் நாண்டோ. குழு அவருடையது, அக்கார்டியனும் அவர்தான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், தன்னைத் தவிர வேறு யாரும் அவர் காதில் விழமாட்டார்கள், அவ்வளவுதான். கடைசிப் பாட்டு முடிந்து திரும்பியபோது பாஸ் கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

எலிசேயோ உண்மையை அன்றைக்கே சொன்னார். மூன்றாவது பாட்டின் நடுவில் ஹாலுக்கு போன் வந்து, சமையல்காரி ஒரு காகிதத் தட்டைத் தூக்கிப் பிடித்தாளாம். 'வலி வந்துவிட்டது, ஓடு' என்று அதில் எழுதியிருந்ததாம். கிட்டாரைச் சாய்த்துவிட்டு ஓடினாராம். வந்தது குழுவின் வேனில் என்பதால் கையில் வண்டி இல்லை. தர்பூசணி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டால், பிரேமாண்ட் ஊரைத் தாண்டியதும் அதன் டயர் வெடித்ததாம். பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடந்த ஒராலியாவுக்கு இது நல்ல கதையாகத் தோன்றவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பாஸ்காரன் சொல்லும் அப்படித்தான். வேறொருவராக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பார். எலிசேயோ பிடிவாதக்காரர். ஒரு தடவை சொன்னார், நம்பவில்லையா, வாயை மூடிக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் மூடிய வாய், இந்தப் பிப்ரவரியில்தான் வலித்தது. மகள் டாலிலா ஏழு மாத வயிற்றோடு சான் அன்டோனியோவிலிருந்து வந்திருந்தாள். சமையலறையில் தன் புருஷனிடம், "அன்னிக்குப் பக்கத்துலயே இருக்கணும், சொல்லிட்டேன். எங்கப்பா மாதிரி பண்ணிடாதே," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எலிசேயோ அந்தப் பக்கம் ஐஸ் எடுக்க வந்தவர் அப்படியே நின்றார். கோபம் வரவில்லை. இந்தக் கதை இனிப் பேரப்பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்பதுதான் உறுத்தியது.

அடுத்த மாதம், பழைய பாடகரின் மகன் தன் வீட்டுக் கராஜில் ஒரு கேசட்டைக் கண்டெடுத்து, போனில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பினான். ஃபால்ஃபூரியஸ், ஜூன், அதே ஞாயிறு. ஹாலின் சவுண்ட் மிக்ஸரிலிருந்தே பதிவு செய்த பதினோரு பாட்டுகள்.

எங்கள் பக்கம் பாட்டு கேட்கிற இடம் பிக்கப் வண்டிதான். எலிசேயோ தன் பிக்கப்பில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, போட்டுக் கேட்டார். கம்பெனி வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அகலம். அக்கார்டியன் காதைக் கிழித்தது, பாட்டு கேட்டது, டிரம்ஸ் கேட்டது. பாஸ் மட்டும் முதல் பாட்டிலும் இல்லை, கடைசிப் பாட்டிலும் இல்லை. இயர்போனைக் காதில் செருகிக் கேட்டால் ஆழத்தில் லேசாக இருந்தது, மூன்றாவது பாட்டில் அது நிற்பதும் தெரிந்தது. ஆனால் ஒருவர் காதுக்குள் கேட்பது சாட்சியாகுமா? நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆலிஸில் கார் ஸ்பீக்கர் கடைக்காரர் அந்த ரேடியோவைத் தூக்கிப் போடச் சொன்னார். அதன் பொத்தான்களில் ஒராலியாவின் ஸ்டேஷன்கள் இருந்தன. அதில் கை வைத்தால் பிக்கப்பிலேயே குடியிருக்க வேண்டி வரும் என்று எலிசேயோவுக்குத் தெரியும். ரேடியோவைத் தொடாமல், பின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே பாட்டை எடுத்துத் தரும் ஒரு சின்னப் பெட்டியும், பின் சீட்டுக்கு அடியில் அடங்கும், பாஸுக்கென்றே செய்த தட்டையான சப்வூஃபர் ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயரை ஃப்யூஸ் வைத்து உள்ளே இழுத்தார். எர்த் ஒயருக்காக சீட் போல்ட்டைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரியவைத்தார். சுரண்டுவது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை.

பாட்டைப் போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து தும், தும் என்று வந்தது. அவருடைய விரல்கள். சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினார். பாஸ் காணாமல் போனது.

எர்த் சரியில்லை என்று மறுபடி சுரண்டினார். ஒயர்களைக் கழற்றி மாட்டினார். இரண்டு நாள் இப்படியே போனது. எங்கள் ஊரில் பாட்டில் என்ன குறை இருந்தாலும் கை முதலில் போவது சத்தத்தைக் கூட்டத்தான். அவரும் கூட்டிக் கூட்டியே தேடிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் குறைத்தபோது பாஸ் திரும்பி வந்து நின்றது. அப்புறம்தான் விளங்கியது. சின்ன ஸ்பீக்கர்கள் கிழியக் கூடாதென்று, சத்தம் ஏற ஏற ரேடியோவே பாஸை வெட்டிவிடுகிறது. திரையில் சத்தத்தின் எண் பதினான்கு வரை பாஸ் முழுசாக இருக்கும், அதற்கு மேல் கரையும். அக்கார்டியன் அடங்கினால்தான் பாஸுக்கு வாழ்வு. இதை அவர் மேடையிலேயே கற்றிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மாட்டுத்தலை இறைச்சியும் டார்டியா ரொட்டியும் தின்று முடித்ததும், எல்லோரையும் பிக்கப்புக்கு அழைத்தார். நாண்டோ வழக்கம்போல முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். டாலிலாவும் ஒராலியாவும் பின்னால், சப்வூஃபருக்கு நேர் மேலே. ஒராலியாவுக்குப் பாத்திரம் கழுவ வேண்டிய அவசரம்.

முதல் பாட்டு தொடங்கிய உடனே நாண்டோ தன் அக்கார்டியனைக் கேட்ட ஆசையில் சத்தத்தை இருபத்தைந்துக்குத் திருகினார். பாஸ் ஓடிவிட்டது. "என்ன மாப்ளே, பெட்டி வாங்கியும் உன் சத்தத்தைக் காணோமே," என்றார். எலிசேயோ பதினான்குக்குத் திருப்பினார். இதற்கு மேல் போனால் ரேடியோ பாஸை வெட்டிவிடும், இனி யாரும் இதில் கை வைக்கக் கூடாது என்றார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

பாஸ் வந்தது. டாலிலா உள்ளங்கையைச் சீட்டில் வைத்துக்கொண்டாள். அப்பா வாசித்து அவள் கேட்டதே இல்லை. இரண்டாவது பாட்டில் ஒராலியாவின் கால் தாளம் போட்டது. மூன்றாவது பாட்டு பாதிக்கு வந்தது. பாஸ் ஒரு அடி தடுமாறியது, அப்புறம் நின்றது. அக்கார்டியன் எந்தக் கவலையும் இல்லாமல் துள்ளிக்கொண்டு போனது.

"அப்பா, நின்னுடுச்சு. மறுபடி ரேடியோ வெட்டிடுச்சா?"

எலிசேயோ திரையைக் காட்டினார். பதினான்கு. இரண்டாவது பாட்டுக்குத் தள்ளினார், பாஸ் இருந்தது. நான்கு, ஐந்து, எட்டு, பதினொன்று என்று தள்ளினார். எதிலும் இல்லை.

"தட்டைக் காட்டினாங்க," என்றார். "இறங்கிட்டேன்."

நாண்டோவின் முகம்தான் முதலில் விழுந்தது. "எட்டுப் பாட்டு... நான் பாஸ் இல்லாமலா வாசிச்சேன்?" ஆடியவர்களுக்குக் கூடத் தெரிந்திருக்காது, கால் இடறியவர்கள் பீர் என்று நினைத்திருப்பார்கள்.

டாலிலா சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. பின்னாலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா சொல்லவே இல்ல?"

"அன்னிக்கே சொன்னேன்மா."

அவர் ஒராலியாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், முப்பத்தொரு வருடக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். பாத்திரங்கள் அவளுக்கு மறந்தே போயின.

"முதல்லேருந்து போடு," என்றாள்.

போட்டார். அக்கார்டியன் எழுந்தது, அதற்குக் கீழே பாஸ். பழக்க தோஷம், நாண்டோவின் கை சத்தத்தைக் கூட்டப் போனது. ஒராலியா சீட்டுகளுக்கு நடுவே எட்டி அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"கையை எடு. என் புருஷன் வாசிக்கறார்."