தாடிக்காரர் சொன்ன வைத்தியம்

கிரேன் ஓட்டும் தாடிக்காரர் வேலையில் கண்ணயர்ந்ததை மேலாளர் படமெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கிரேனையும் பறித்துக்கொண்டார். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் என்றார்கள் மருத்துவமனையில். அவர்கள் கொடுத்த காற்று முகமூடி தாடியில் படியாமல் இரவெல்லாம் சீறியது.

“வழிச்சுத் தொலைங்களேன்,” என்றாள் மனைவி.

“அந்த மேனேஜரும் இதத்தான் சொன்னான். தாடியில ஒரு முடியக்கூட எடுக்க மாட்டேன்.”

மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய முகமூடியைக் கேட்டு வாங்கினார். மூக்கடியில் மீசையை மட்டும் ஒட்டக் கத்தரித்தார். நிம்மதியாகத் தூங்கினார். மூன்று மாதத்தில் கிரேன் திரும்பக் கிடைத்தது.

இப்போது மேலாளர் கூட்டங்களில் குறட்டை விடுகிறார். “உனக்கு எப்படிய்யா சரியாச்சு?” என்று தனியே கேட்டார்.

“தாடிய இன்னும் கொஞ்சம் வளர விட்டேன் சார்.”

நான்கு நாளாக மேலாளர் சவரம் செய்யவில்லை. அறிவிப்புப் பலகையில் தாடிக்காரர் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்.