மெர்சி அக்காவின் மேக்ரோ

கழுத்தைப் பிடித்துக்கொண்டு "அப்பா... சாமீ..." என்று மெர்சி அக்கா முனகினால், மேனேஜர் சுபாஷ் சார் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார் என்று பொருள். உடனே அக்காவின் வலது கை மவுஸை டக்டக்கென்று அழுத்தும். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது செத்துப்போன மவுஸ். சத்தம் நன்றாக வருகிறது என்பதற்காக வைத்திருக்கிறார்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரகடத்தில், காருக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையில். கதவில் விழும் கீறல், நசுங்கலையெல்லாம் லைனில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், நாளுக்கு நூற்று நாற்பது. ஸ்லைடுக்கு ஒன்றாகச் செருகி, அளவு திருத்தி, அடியில் கதவு எண் அடிப்பது மெர்சி அக்காவுக்கும் பக்கத்து நாற்காலி அன்னக்கிளிக்கும் வேலை.

அக்கா மண்ணூர்க்காரர், டிப்ளமோ. நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்த மிடுக்கில் ஒருநாள் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். இருபதே வரியில் ஒரு மேக்ரோ, தானாக ஓடும் குட்டி நிரல். ஃபோல்டரைத் திறந்து, படத்தை எடுத்து, ஸ்லைடில் ஒட்டி, எண்ணையும் அதுவே எழுதுகிறது. மொத்த வேலையும் நாற்பது நொடி. ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நிமிடம் தூங்கச் சொல்லி ஒரு வரி!

"ஏன்க்கா, இந்த வரிய எடுத்துட்டா..."

"எடுத்துட்டா இன்னா ஆவும்? ஒரு ஆளு போதும்பானுங்கோ. கிளி காண்ட்ராக்ட்டுபா. சங்கரன்கோயிலுக்குப் பஸ் ஏத்தி வுட்ருவானுங்கோ. அம்மாம் படிச்சிகீறியே, இத்தச் சொல்லிக் குடுக்கலியா அங்க?"

சொல்லிக்கொடுக்கவில்லைதான்.

மேக்ரோ தூங்கும் நேரத்தில் அக்கா தூங்குவதில்லை. போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பளபளக்கும் கதவில் எடுத்தவன் முகம் தெரிந்தால் போச்சு. லைனுக்குப் போன் பறக்கும்: "இன்னா பகலவா, ஷேவ் பண்ணலியா? மீச ஒரு பக்கம் எறங்கிகீது!"

போன செவ்வாய், ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர்கள் கடந்த மூன்று நாள் படங்களைத் தங்கள் டெம்ப்ளேட்டில் அரை மணி நேரத்தில் கேட்டார்கள். "ஆர்டரே போயிடும் மெர்சி" என்று சுபாஷ் சார் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார். அக்கா அன்னக்கிளியைப் பார்த்தார். அவள் தலைகுனிந்தாள். அக்கா அந்த ஒரு வரியை அழித்தார்.

முதல் நாள் படங்கள் சடசடவென்று கொட்டி முடிந்தன.

சார் வாயைத் திறந்தபடி நின்றார். "என்னம்மா இது, தானா ஓடுது! அப்ப இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"ரெண்டு பேரு எழுதுனது சார். எம்பாதி அவளுக்குப் புரியாது, அவ பாதி எனக்குப் புரியாது. ரெண்டாம் நாளு படத்த கிளிதான் போடணும்."

சொல்லிவிட்டுக் கீபோர்டை அந்தப் பக்கம் தள்ளினார். மேக்ரோவில் ஒரு வரிகூட எழுதாத, ஒருமுறைகூட அதை ஓட்டிப் பார்த்திராத அன்னக்கிளி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, திரையை முறைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். பின்னால நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்கு."

சார் இரண்டடி நகர்ந்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவர் சுண்டுவிரல் மட்டும் மேசையோரமாக ஊர்ந்து போய், எந்தப் பொத்தான் என்று காட்டியது.